மூன்று நிமிட ஆயுள்

கடிகாரக் கடைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் முள்ளைத் திருத்துவார்கள், சார். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் சர்வர் அறையில் முப்பத்தொரு வருடம். என் கணிப்பு அரை வினாடி பிசகியதில்லை. சிரிக்காதீர்கள். விசாரிக்கிற நீங்கள் சிரித்தால் எழுதிக்கொள்கிறவருக்கும் சிரிப்பு வருகிறது பாருங்கள்.

எனக்குப் பதிலாக வந்த பெண் கெட்டிக்காரி. பிரிவுபசாரத்தில் எல்லோர் முன்னாலும், "அங்கிள், இனி வீட்ல ரெஸ்ட் எடுங்க. நீங்க இல்லைங்கிறது சர்வருக்குத் தெரியக்கூடத் தெரியாது" என்றாள். கேக் நன்றாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அங்கே யார் கண்ணிலும் படாமல் பின்னணியில் ஓடும் ஒரு புரோகிராம் உண்டு. நோயாளிகளின் இதயத்துடிப்பைக் கவனித்து, தடுமாறினால் நர்ஸ் மேஜையில் மணியடிக்கும். திங்கள் காலை பதினோரு மணிக்கு அதற்கு மூன்று நிமிடப் பிராசசர் நேரம் என்று வரம்பு வைத்தேன்; அது தீர்ந்தால் புரோகிராம் நின்றுவிடும். நின்றால் தானாகக் கிளம்பும் வசதியையும் எடுத்துவிட்டேன். அதுதான் என் கடைசி வேலை.

பொறுப்பை வாங்கும்போது அவள் வரம்பைக் கவனித்தாள். ஐந்து நிமிடம் காத்திருந்தாள். புரோகிராம் ஜம்மென்று ஓடியது. "இந்த வரம்பு வேலை செய்யல, சும்மா கிடக்கு அங்கிள்" என்று விட்டுவிட்டாள். படித்த பிள்ளைகள் எல்லாம் விழுகிற குழி அது. புரோகிராம் சும்மா காத்திருக்கும் நேரம் கணக்கில் சேராது. பிராசசர் அதற்காக உழைத்த நேரம் மட்டுமே சேரும். மணிக்கு இரண்டரை வினாடி. மூன்று நிமிடம் தீர மூன்று முழு நாள்.

வியாழன் பதினோரு மணிக்கு அது ஓசையில்லாமல் நின்றது. அவள் கொஞ்சம் முழிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. மணி செத்ததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அடிக்க வேண்டிய வேளை வந்தால்தான் தெரியும். அதுவும் எனக்குத் தெரியும். மாலைக்குள் இரண்டு படுக்கைகள் காலி. நான் யாரையும் தொடவில்லை, சார்.

அவளுடைய அஜாக்கிரதை என்று பேப்பரில் போட்டார்கள். அவளையும் பிடித்து வைத்தீர்கள். பாவம் பார்த்துத்தான் வந்தேன். என் வேலைக்கு அவள் பெயரைப் போடுவதா?

நீங்களோ, "மூணு நிமிஷ வரம்பு எப்படிப் பெரியவரே மூணு நாள் ஓடும்? பேருக்கு ஆசைப்பட்டுப் புளுகாதீங்க" என்றீர்கள். அதனால்தான் அதே புரோகிராமை அதே வரம்போடு வேறொரு சர்வரில் திங்கள் காலை பதினோரு மணிக்கு ஓடவிடச் சொன்னேன்.

இன்று வியாழன். போனில் என்ன சொன்னார்கள், சார்? ஏன் முகம் வெளுத்துவிட்டது?

"நின்னுடுச்சு. சரியாப் பதினொண்ணுக்கு. அந்தப் பொண்ணு இல்ல... நீங்கதான் கொன்னிருக்கீங்க."