முக்கண்ணி குடித்த காற்று

அவையோரே, முதலில் ஆழ்ந்த வருத்தத்துடன் ஓர் அறிவிப்பு. இன்று பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மசால் வடை தீர்ந்துவிட்டது. காரணம் மாரடைப்பு அல்ல. மாணிக்கவேல் அண்ணனின் பசி. வடையை இழந்து வாடும் பின்வரிசைத் தோழர்களுக்கு ஆறுதல் கூறி, அதைவிடச் சற்றே பெரிய இழப்புக்கு வருகிறேன்.

நான்கு பழைய டயர்களை மேடையாக்கி அதன்மேல் வீற்றிருக்கும் அணித் தலைவர், காரின் உரிமையாளர் மாணிக்கவேல் அண்ணன் அவர்களே. பிள்ளையார்பாளையத்தில் தம் ரேடியேட்டர் கடையையே இரங்கல் மண்டபமாக்கித் தந்த கலீம் பாய் அவர்களே. அவர் மகளும் எங்கள் அணியின் மூளையுமான சாய்மா அக்கா அவர்களே. சுவரோரம் கைகட்டி நிற்கும் எங்கள் ஓட்டுநர் சத்யப்ரியா அக்கா அவர்களே. தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தெருப் பெரியோரே, வணக்கம். நான் விமல்ராஜ், பிளஸ் டூ. இந்த அணியின் குளிர்ச்சித் துறை அமைச்சர். பதவியை யாரும் தரவில்லை. காலியாக இருந்தது, உட்கார்ந்துகொண்டேன்.

யாருக்கு இந்தக் கூட்டம்? பெஞ்சின் மேல், மாலைக்குள், எண்ணெய் வடிய அமர்ந்திருக்கிறாரே, அவருக்குத்தான். மூன்று சிலிண்டர் உள்ளதால் முக்கண்ணி என்று நாம் பெயர் சூட்டிய இன்ஜின். எண்ணூறு சிசி நாயகி. வெப்பம் வென்ற வீராங்கனை, கடைசி நான்கு நிமிடம் நீங்கலாக. சென்ற ஞாயிறு, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில், எட்டில் ஏழாவது சுற்றில், உள்ளே வெந்து இறுகி உயிர் நீத்தார். அவரைக் கொன்றது சத்யப்ரியா அக்காவின் கவனக்குறைவு என்று நம் தலைவர் நினைக்கிறார். அடுத்த இன்ஜின் வரும்போது அந்த சீட்டில் அக்கா இருக்க மாட்டார் என்று இந்த உரை முடிந்ததும் அறிவிக்கப்போகிறார். அது எல்லோருக்கும் தெரியும். ஆகவே நான் கொஞ்சம் நீளமாகத்தான் பேசப்போகிறேன்.

ஓர் இரும்புக்கு இரங்கல் கூட்டமா என்று வரும் வழியில் ஒருவர் கேட்டார். ஐயா, அந்த இரும்பு மூச்சு விட்டதைப் பார்த்தவன் நான். பார்த்தவன் எப்படிச் சும்மா இருப்பான்?

மாகறலில் ஒரு புளியமரத்தடியில் பதினொரு ஆண்டுகள் கோழிகளுக்குக் குடியிருப்பாக இருந்த கார் அது. அண்ணன் வாங்கி வந்தபோது சீட்டுக்கு அடியில் இரண்டு முட்டைகள் இருந்தன. அண்ணனோ வாலாஜாபாத்தில் ஏர் பிடித்த பரம்பரை. இவரும் ஏர் பிடிக்கத்தான் ஆசைப்பட்டார். என்ன, இது ஃபில்டர் வழியாகப் போகிற ஏர்.

முதல் சோதனை ஓட்டம். மூன்றாவது சுற்றிலேயே தண்ணீர் நூற்றுப் பதினான்கு டிகிரி. பெரிய ரேடியேட்டர் போடு என்றார்கள், பெரிய ஃபேன் போடு என்றார்கள். சாய்மா அக்கா எதையும் போடவில்லை. இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயின் வாயில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டினார். வெளியே முப்பத்தெட்டு. குழாய் வாயில் எழுபத்தொன்று.

“இது எங்கணா மூச்சு வுடுது? வடை சட்டிக்கு மேல வாய வச்சி ஆவி குடிச்சிக்கினு இருக்குது,” என்றார்.

சூடான காற்று மெலிந்த காற்று. பத்து இட்லி கேட்டால் ஒன்பது வைக்கிற காற்று. பந்தயத்தில் அந்த ஓர் இட்லிதான் வெற்றி தோல்வி. அக்கா இடது ஹெட்லைட்டைக் கழற்றினார். அந்தக் குழி வழியே வெளிக்காற்று நேராக உள்ளே வரக் குழாய் அமைத்தார். இன்ஜின் சூடு அண்டாமல் அலுமினியத் தகட்டால் தடுப்பு வைத்தார். எழுபத்தொன்று நாற்பத்து மூன்றானது. காருக்கு ஒரு கண் போனது, முக்கண்ணிக்கு மூச்சு வந்தது.

அடுத்தது ரேடியேட்டர். காற்று என்னைப் போல. சுற்றிப் போக வழியிருந்தால் வேலை நடக்கும் இடத்துக்குள் நுழையாது. ரேடியேட்டரைச் சுற்றியிருந்த சந்துகளையெல்லாம் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்தோம். தண்ணீர் நூற்று நான்குக்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. ஏன்?

உள்ளே போன காற்று வெளியே வர வேண்டாமா? அதற்காக அண்ணன் பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அக்காவுக்கு மட்டும் அந்த இடைவெளி மேல் சந்தேகம். என்ன செய்தார் தெரியுமா? பக்கத்துத் தறியில் மிஞ்சிய பட்டுநூலை ஒரு பை நிறைய வாங்கி வந்தார். விரல் நீளத்துக்கு வெட்டி, பானெட் முழுக்க அறுபது துண்டுகளை டேப் போட்டு ஒட்டச் சொன்னார். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம். கல்யாணப் பெண் மாதிரி நின்றது கார்.

மறுநாள் காலை வாலாஜாபாத் சாலை. ஓட்டியவர் சத்யப்ரியா அக்கா. வாரம் முழுக்கப் புடவைப் பார்சல் வண்டி ஓட்டுகிறவர். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு தனக்காக ஓட்டுகிறவர். அறுபதில் பிடி என்றார்கள். முள்ளை அறுபதில் ஆணி அடித்து நிறுத்தினார். பக்கத்தில் பைக்கில் உட்கார்ந்து நான் வீடியோ எடுத்தேன்.

அவையோரே, அதை எப்படிச் சொல்வேன்? முன்னால் இருந்த நூல்கள் எல்லாம் பின்னோக்கிப் படிந்து கிடந்தன. முன்பக்கக் கண்ணாடி ஓரத்து நூல்கள் மட்டும் திரும்பின. திரும்பி, அந்த இடைவெளிக்குள் நுழைந்தன. சூடு வெளியேற வேண்டிய வாசலில் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதுவரை யாரும் கண்ணால் பார்க்காத ஒன்றை, எச்சில் தொட்டு முறுக்குகிற சாதாரண நூல் விரல் நீட்டிக் காட்டியது.

“ஊரே வாஷர் வச்சி தூக்குது. ஊரே பைத்தியமா?” என்றார் அண்ணன்.

“கண்ணாடில மோதுற காத்து போக்கிடம் இல்லாம இந்த சந்துல பூந்துக்குதுணா. நான் சொல்லல, நூலு சொல்லுது,” என்றார் சாய்மா அக்கா.

பின்பக்கத்தை மூடினோம். ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், நூல்கள் படபடத்து மேலெழுந்த இடத்தில், பானெட்டில் சாளரம் வெட்டினார் கலீம் பாய். அடுத்த ஓட்டத்தில் தொண்ணூற்று மூன்று. நின்ற காரின் அந்தச் சாளரத்துக்கு மேல் கை நீட்டினேன். அடுப்பு வாய் போல ஊதியது. எங்கிருந்தோ வந்த காற்று, போகச் சொன்ன வழியில் போய், சுமக்கச் சொன்ன சூட்டைச் சுமந்து வெளியே வந்துகொண்டிருந்தது. கோயில் கருவறை முன்னால் நிற்பது போல நின்றேன். இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை.

இதில் என் பங்கு என்ன? ஸ்பாஞ்ச் வெட்டியவன் நான். நூல் ஒட்டியவன் நான். பந்தயத்தன்று தண்ணீர்ப் பொறுப்பு முழுவதும் நான். முக்கண்ணி கூலாக ஓடியதற்கு நானே காரணம் என்று டியூஷனில் நாற்பது பேரிடம் சொன்னேன். நாற்பது பேரும் நம்பினார்கள்.

பந்தயத்தில் பதினான்காவதாகக் கிளம்பினார் சத்யப்ரியா அக்கா. ஆறாவது சுற்றில் ஐந்தாம் இடம். ஏழாவது சுற்றில் கார் வரவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

“சூடு காட்டுற முள்ளு செவப்புக்குப் போச்சா இல்லியா?” என்று கேட்டார் அண்ணன்.

“போவலணா. பாத்துக்கினேதான் இருந்தேன். ஏறவே இல்ல.”

“ஏறாம எப்படிமா இன்ஜின் வேவும்? ஜெயிக்கற வெறில பாக்கல. பாக்கலன்னு சொல்லிடு, வுட்டுடறேன்.”

“பாத்தேன்ணா.”

அவ்வளவுதான். ஹெல்மெட்டைக் கழற்றி பானெட் மேல் வைத்தார்.

இது என் கடைசித் தாள். நான்கு முறை கிழித்து ஐந்தாவது முறை எழுதியது. தலைவர் அவர்கள் எழுந்திருக்காமல் கேட்க வேண்டும்.

பந்தயத்தன்று காலை மாகறல் கோயிலிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்திருந்தேன். சொந்த ஊர்த் தீர்த்தம், முக்கண்ணிக்கு அபிஷேகம் என்று ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றினேன். அந்த மூடி இரண்டு கட்டமாக இறுகும். முதல் கட்டத்திலேயே மூடியதுபோல நிற்கும். அழுத்தித் திருப்பினால்தான் இரண்டாவது பிடிக்கும். நான் அழுத்தவில்லை. ஒரு கையில் பாட்டில், மறு கையில் செல்ஃபி.

ஆறு சுற்றும் தண்ணீர் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருந்திருக்கிறது. முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீரே இல்லாதபோது அது எதைச் சொல்லும்? கார் வந்து நின்றதும் ஓடிப்போய் முதலில் பானெட்டைத் திறந்தவன் நான். தளர்ந்து கிடந்த மூடியை, யாரும் பார்க்குமுன் அழுத்தித் திருப்பி மூடினேன். உள்ளங்கை வெந்துவிட்டது. ஒரு வாரமாகக் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். ஸ்டைல் என்று சிலர் பாராட்டினீர்கள். இதோ, பாருங்கள்.

அமைச்சர் பதவி விலகுகிறார். அடுத்த இன்ஜினுக்கும் நூல் ஒட்டுவோம், காற்று கேட்கும் வழியை வெட்டுவோம் என்று அமரர் முக்கண்ணியின் மீது உறுதி கூறுகிறேன். மூடியை மட்டும் நான் தொட மாட்டேன். சீட்டைப் பற்றி முடிவெடுக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அண்ணன் அறிவிக்கும்போது அவர் கையில் இருக்க வேண்டிய உண்மை இது.

சத்யப்ரியா அக்கா, முள் ஏறவே இல்லை. ஒரு வாரமாக அது எனக்குத் தெரியும்.