லட்சுமியம்மாளின் முகத்தை வரைந்தவர்

கூட்டத் தலைவர் விருத்தாசலம் ஐயா அவர்களே! வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் திண்டிவனத்துப் பெருமக்களே! தாய்மார்களே! அழுவதற்காக நான் இங்கே எழுந்து நிற்கவில்லை.

ஓவியச் செல்வர் தாண்டவராயன் மறைந்தார்! என்னோடு, இந்தத் தொம்மையோடு, ஒரே சாரத்தில் நின்று சினிமா பேனர் எழுதிய தாண்டவராயன் மறைந்தார்! முகத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம். இரண்டு முகங்களுக்கு நடுவே இருக்கிற பாசத்தையும் பகையையும் வரைய அவரை விட்டால் யார் இருந்தார்? பெருமுக்கல் கிராமத்தில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் தனித்தனியே வந்து, இறந்துபோன அப்பாவின் படம் கேட்டார்கள். இருவர் தோளிலும் அப்பா கைபோட்டு நிற்பதாக ஒரே படத்தை வரைந்து கொடுத்தார். அதை யார் வீட்டில் மாட்டுவது என்று சண்டை போடவாவது அவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

அப்படிப்பட்ட மனிதரைக் கொன்றது காசநோயா? இல்லை!

முன்வரிசையில் பெரிய மாலையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அரிசி மில் முதலாளி அரங்கநாதன் அவர்களே! உங்களைத்தான் கேட்கிறேன். அறுபத்தொன்றாம் ஆண்டு உங்கள் தாயார் லட்சுமியம்மாள் காலமானபோது, அவர் உங்களை ஆசீர்வதிப்பது போல் ஒரு படம் கேட்டீர்கள். அந்த அம்மாள் கடைசிக் காலத்தில் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது ஊருக்கே தெரியும். காரியத்தன்று படத்தை மூடியிருந்த துணியை விலக்கினால், கையில் வெறுந்தட்டோடு மகனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் தாய். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். பந்தலில் இருந்த பெண்கள் வாய்விட்டு அழவில்லையா?

"இன்னாய்யா இது? நான் மூஞ்சத் திருப்பிக்கினு நிக்கிறேன்?" என்று பாய்ந்தீர்கள்.

"நான் பார்த்ததைத்தாங்க போட்டேன்" என்றார் அவர்.

இலை நறுக்கிய கத்தியை எடுத்துப் படத்தைக் கிழித்தீர்கள். "இவனுக்கு வேல குடுக்கிறவன் எவனும் என் மில்லு பக்கம் வரக் கூடாது" என்றீர்கள். தியேட்டர்காரர்கள் கைவிட்டார்கள். கடைக்காரர்கள் போர்டு எழுதக் கூப்பிடவில்லை. விழுப்புரம் போய் லாரிகளுக்கு நம்பர் எழுதினார், நம் தாண்டவராயன்! பட்டினி கிடந்தார், இருமினார், செத்தார்! ஒரு மாலை போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இரங்கல் கூட்டத்தில் பகை பேசக் கூடாது என்கிறார்கள். நான் பேசுவேன்! மறக்கவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன்!

அவர் விட்டுப்போன வேலையை நான் தொடர்வேன். துணியில் வரைந்தால் கிழிப்பீர்கள். ஆகவே உங்கள் மில் வாசலுக்கு எதிரே இருக்கும் என் வீட்டுச் சுவரில் நாளைக் காலை லட்சுமியம்மாளை வரையப் போகிறேன். தாயின் முகம் எனக்கு மனப்பாடம். மகனின் முகம்தான் இத்தனை நாளாகப் பிடிபடவில்லை.

எழுந்து போகாதீர்கள், அரங்கநாதன் அவர்களே! கொஞ்ச நேரம் அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருங்கள். இப்போதுதான் சரியாக வருகிறது.