வகிட்டில் வைத்த விரல்

வெள்ளிக்கிழமை காலை, தர்மபுரியில், ஹசீனாவின் பார்லருக்குள் மூன்று பேர் இருந்தார்கள்.

ஹசீனா: கடைக்காரி. வெள்ளிக்கிழமை கடை திறப்பதில்லை. அன்று ஒரு தோழிக்காக மட்டும் கதவைத் திறந்தாள்.

கலைமணி: அந்தத் தோழி. இண்டூர்க்காரி. தையல் வகுப்பில் ஹசீனாவோடு ஒரே மிஷினில் தைத்துப் பழகியவள். லாரி ஓட்டிய புருஷன் நவநீதன் இறந்து பதினைந்து நாள். மறுநாள் கருமாதி. அது முடிகிற வரை அந்த வீட்டில் யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது.

பிரியதர்ஷினி: அவள் மகள். பத்தாம் வகுப்பு. அம்மாவோடு பேசிப் பத்து நாள் ஆகிறது.

ஹசீனா: ...கண்ண மூடிக்க, தண்ணி எறங்கும். எதப் போட்டுத் தேச்ச நீ? மண்டையெல்லாம் செவந்து கெடக்குது.

கலைமணி: சோப்பு.

ஹசீனா: என்ன சோப்பு?

கலைமணி: துணி சோப்பு.

ஹசீனா: தலைய லாரி தார்ப்பாயின்னு நெனச்சியா? எத்தன நாளா?

கலைமணி: பத்து நாளா. காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. அப்பவும் மத்தியானத்துக்குள்ள பிசுக்குன்னு ஆயிடுது.

ஹசீனா: ஆவும். உன் தலை அப்பவே அப்டித்தான. நீ குனிஞ்சா துணியில கறை படுதுன்னு டீச்சர் உனக்குத் துண்டு கட்டி வுட்டாங்க.

கலைமணி: அத இவகிட்ட சொல்லு. மூலைல ஒக்காந்திருக்காளே, இவகிட்ட.

பிரியதர்ஷினி: ஆன்ட்டி, எனக்குக் காது கேக்குதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லுங்க.

ஹசீனா: ஏங்கண்ணு, நாலடி தள்ளித்தான ஒக்காந்திருக்கா. நீயே சொல்லலாமில்ல?

பிரியதர்ஷினி: நீங்களே சொல்லுங்க.

ஹசீனா: ...பத்து நாளும் இப்டித்தானா?

கலைமணி: சோறு வேணுமான்னு கேட்டா தட்ட நவுத்துவா. அவ்ளோதான். பஸ்சுல டிக்கெட்டக் கூட அவளுக்கு அவளே வாங்குனா.

ஹசீனா: கருமாதி முடியல. உன்ன எப்டி வெளிய வுட்டாங்க?

கலைமணி: எறப்பு சர்டிபிகேட்டுக்குக் கையெழுத்துப் போடணும்னு சொல்லிட்டு வந்தேன். ஆபீசுல திங்கக்கெழமதான் வரச் சொல்லியிருக்காங்க.

ஹசீனா: செரி... முழுசா சொல்லு. போன்ல அழுதுட்டே சொன்ன, பாதி புரியல.

கலைமணி: அஞ்சாம் நாளு. வெளக்கு வெச்ச நேரம், எல்லாரும் ஒக்காந்திருந்தோம். எங்க நாத்தனா இருக்குதில்ல, ராஜாமணி... பொம்மிடில குடுத்தது. டீ கிளாச வாங்கிட்டுப் போனது, அப்டியே நின்னு என் வகிட்டுல வெரல வெச்சுது. வெரல டியூப்லைட்டுகிட்ட தூக்கிக் காமிச்சுது. மினுமினுன்னு இருந்துச்சு. என் தம்பி குழி மண்ணு இன்னும் காயல, இவ எண்ணெ வெச்சு சீவிட்டு ஒக்காந்திருக்கான்னு சத்தம் போட்டுச்சு. தெருவே வந்துருச்சு.

ஹசீனா: நீ என்ன சொன்ன?

கலைமணி: வெக்கலன்னு சொன்னேன்.

ஹசீனா: அப்பறம்?

கலைமணி: அப்பறம் என்ன. தெனமும் வந்து தொட்டுப் பாக்குது. தொடுற அன்னிக்கெல்லாம் ஒட்டுது. எந்தலைல ஒட்டாம என்ன பண்ணும்? இப்ப என்னான்னா... நாளைக்கி பெரியவங்க இருக்கும்போது புள்ளயவே கேக்கப் போவுதாம். ஆமான்னு அவ சொல்லிட்டா, அன்னிக்கே பொம்மிடிக்குக் கூட்டிட்டுப் போயி அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துருமாம். புருசனுக்குத் துக்கம் காக்காதவகிட்ட எங்க வூட்டுப் புள்ள எதுக்குன்னு. எங்க மாமனாரும் தலையாட்டிட்டாரு.

ஹசீனா: ம்... கண்ணு, நீ என்ன சொல்லப் போற?

பிரியதர்ஷினி: யாரு, நானா?

ஹசீனா: உன்னத்தான்.

பிரியதர்ஷினி: நாளைக்கித்தான கேக்கறாங்க.

ஹசீனா: செரி, இங்க வா. கிட்ட வந்து நில்லு. ரெண்டு தடவ ஷாம்பு போட்டு அலசியாச்சு. காயவும் வெச்சாச்சு. தொட்டுப் பாரு... கையில எதாச்சும் ஒட்டுதா?

பிரியதர்ஷினி: இல்ல.

ஹசீனா: மணி என்ன?

பிரியதர்ஷினி: பதினொண்ணு.

ஹசீனா: ரெண்டரை வரைக்கும் உங்கம்மா இந்த சேர வுட்டு எந்திரிக்கக் கூடாது. பாத்ரூம் போனா நீயும் கூடப் போ. சீப்பு, கிரீமு, எதையும் இவ கை தொடக் கூடாது. அப்பறம் திருப்பித் தொட்டுப் பாரு.

கலைமணி: நான் என்ன திருடியா?

ஹசீனா: புள்ளைக்குக் கண்ணால பாக்கணுமில்ல. பேசாம ஒக்காரு.

கலைமணி: யாரோ கதவத் தட்டறாங்க... ஹசீனா, எங்க ஊர்க்காரி எவளாச்சும் இருந்தா என் கதை முடிஞ்சுது. துக்க வூட்டுக்காரி பார்லர்ல ஒக்காந்திருக்கான்னு...

ஹசீனா: சும்மாரு. ...யாருங்க? புருவமா? இன்னிக்கி லீவுங்க. நாளைக்கி வாங்க. ...அழுவுற சத்தமா? உள்ள யாருமில்லீங்க, ரேடியோ.

பிரியதர்ஷினி: ரேடியோ அழுவுமா ஆன்ட்டி?

ஹசீனா: வாயப் பாரு. அம்மாகிட்டதான் பேச மாட்டா, மத்ததெல்லாம் பேசுவா.

கலைமணி: ஃபேன் நின்னு போச்சு.

ஹசீனா: கரண்ட் போயிருச்சு. வுடு, வேர்த்தா பிசுக்கு இன்னும் சீக்கிரம் வரும். இப்ப நான் சொல்றதக் கேளு. இனிமே துணி சோப்பத் தொடாத. ஒருநாள் வுட்டு ஒருநாள் ஷாம்பு. நகத்தால பிராண்டாத, வெரல் நுனியால வேர்ல மட்டும் தேச்சு அலசு. கொதிக்கக் கொதிக்க ஊத்தாத, வெதுவெதுன்னு போதும். வழவழன்னு கண்டிஷனர் குடுப்பாங்க, அது முடி நுனிக்கு மட்டும். சீப்ப வாரம் ஒருக்கா கழுவு. தலகாணி உறைய மாத்து. சும்மா சும்மா தலையில கைய வெக்காத.

கலைமணி: இவ்ளோ பண்ணா நின்னுடுமா?

ஹசீனா: கொறையும். நிக்காது. அது உன் தோலு.

கலைமணி: தலகாணின்னதும்... கட்டிக்கிட்டு வந்த மறுநாளே அவரு தலகாணிய எடுத்து அந்தப் பக்கம் போட்டுக்கிட்டாரு.

ஹசீனா: யாரு, நவநீதன் அண்ணனா?

கலைமணி: பேரு சொல்லிக் கூப்புட மாட்டாரு. செக்குன்னுதான் கூப்புடுவாரு. ஏய் செக்கு, சோறு போடு. ஊரு முன்னாடியும் அதேதான். சிரிச்சுட்டேதான் சொல்லுவாரு. நானும் சிரிப்பேன். பதினாறு வருசமா என்ன எண்ணெயத் தொட வுட்டதில்ல. உனக்கெதுக்கு, நீயே ஊத்துறியேன்னு.

ஹசீனா: நல்ல மனுசந்தான...

கலைமணி: நல்ல மனுசந்தான். குடிச்சதில்ல. அடிச்சதில்ல.

பிரியதர்ஷினி: ஆன்ட்டி, எங்கப்பாவப் பத்திப் பேச வேணாம்னு சொல்லுங்க.

ஹசீனா: பேசல கண்ணு. நீ போயி அந்த டப்பாவத் தொற, பிஸ்கட் இருக்குது. உங்கம்மாளுக்கும் ரெண்டு குடு. ...அவ மடியில வெச்சா போதும், பேச வேணாம்.

கலைமணி: ...மணி என்ன ஆச்சு?

ஹசீனா: நீ கேக்காத. அவ சொல்லட்டும்.

பிரியதர்ஷினி: ரெண்டு இருவத்தஞ்சு.

ஹசீனா: போதும். இந்தா டிஷ்யூ. வகிட்டுல வெச்சு அமுக்கு. நான் தொடல, நீயே பண்ணு. ...ஜன்னல்கிட்ட கொண்டு போயி வெளிச்சத்துல பாரு.

பிரியதர்ஷினி: பேப்பருக்கு அந்தப் பக்கம் தெரியுது.

ஹசீனா: இப்ப முடி நுனியத் தொடு.

பிரியதர்ஷினி: காஞ்சு கெடக்குது.

ஹசீனா: எண்ணெ வெச்சுத் தேச்சவளுக்கு நுனி வரைக்கும் எறங்கும். இவளுக்கு வேர்ல மட்டுந்தான். என்ன சொல்ற?

பிரியதர்ஷினி: செரி.

ஹசீனா: செரின்னா?

பிரியதர்ஷினி: அது தானா வர்றது. நாளைக்கி கேட்டா, எங்கம்மா எண்ணெ வெக்கலன்னு சொல்றேன். போலாமா, மூணு மணிக்கு பஸ்சு.

ஹசீனா: அப்பாடா. கலை, எந்திரி. மொகத்தத் தொடச்சுக்க. தாழ எடுக்கறேன்...

கலைமணி: இரு. தொறக்காத.

ஹசீனா: என்னடி?

கலைமணி: பிரியா... அஞ்சாம் நாளு வெச்சேன்.

ஹசீனா: கலை.

கலைமணி: நீ இரு ஹசீனா. அஞ்சாம் நாளு மத்தியானம், எல்லாரும் சாப்புட்டுப் படுத்தப்ப. உள்ளங்கை நெறைய ஊத்தித் தேச்சேன். ஒரே தடவ. அப்பறம் தொடல. உங்கத்தை அன்னிக்கி சொன்னது நெஜம். மத்த நாளு சொன்னதெல்லாம் பொய்.

ஹசீனா: இத இப்ப எதுக்கு... புள்ளதான் செரின்னுட்டாளே.

கலைமணி: நாளைக்கி அத்தன பேரு முன்னாடி வாயத் தொறக்கறவ அவ. தெரியாம சொல்லக் கூடாது.

பிரியதர்ஷினி: எதுக்கு வெச்ச?

ஹசீனா: ...உன்னத்தான் கேக்கறா. சொல்லு.

கலைமணி: தெரியல. வூட்டுல சத்தமே இல்ல. சந்தோசமான்னா, இல்ல. அழுகையான்னா, அதுவும் இல்ல. வேணாம்னு சொல்ல ஆளில்ல. வெச்சுப் பாத்தேன். வெச்சதும் என்னமோ தப்புப் பண்ணாப்புல இருந்துச்சு, ஆனாலும் தொடைக்கல. ...இனி நீ என்ன சொல்றதுன்னாலும் சொல்லு. பொம்மிடிக்குப் போறதுன்னா...

பிரியதர்ஷினி: அத்தை நேத்தே கேட்டுருச்சு.

கலைமணி: என்னது?

பிரியதர்ஷினி: மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனப்ப. நாளைக்கி வரைக்கும் பொறுக்க முடியல அதுக்கு.

கலைமணி: நீ என்ன சொன்ன?

பிரியதர்ஷினி: நான் பாத்தேம்மா. அன்னிக்கி மத்தியானம். தூங்கல நான்.

கலைமணி: ...அதச் சொல்லிட்டியா?

பிரியதர்ஷினி: வெச்சது நானுன்னு சொன்னேன். தெனமும் எண்ணெ வெச்சுட்டு அம்மாவ ஒட்டிப் படுத்தேன், அவங்க தலையில ஒட்டிக்கிச்சுன்னு. எந்தலையும் உன் தலை மாதிரித்தான... குனிஞ்சு காமிச்சேன். தொட்டுப் பாத்துச்சு. ஒட்டுச்சு.

ஹசீனா: அடியே... நம்பிருச்சா?

பிரியதர்ஷினி: கன்னத்துல ஒண்ணு வுட்டுச்சு. அப்பனுக்குத் துக்கம் காக்காத கழுத என் வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுடுச்சு. நாளைக்கி ஒண்ணும் கேக்காது. பொம்மிடியும் கெடையாது.

கலைமணி: அப்பறம் ஏண்டி... நேத்தே சொல்லியிருந்தா இங்க வந்திருக்கவே வேணாமே. காலைலேர்ந்து மணி பாத்துட்டு, டிஷ்யூவ அமுக்கிட்டு...

பிரியதர்ஷினி: நீயா சொல்றியான்னு பாத்தேன்.

இருவரும் படி இறங்கினார்கள். ஹசீனா கதவைச் சாத்தி உள்ளே பூட்டினாள்.