அவன் பேருக்கு வந்த காட்டெருமை

கடுங்குளிரில் துப்பாக்கிக்கு கிரீஸ் போடக்கூடாது என்பது எங்கள் அலாஸ்காவில் பால் மணம் மாறாத பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஐயா. தோட்டாவை அடைத்துப் பூட்டும் போல்ட்டுக்குள் அது உறைந்தால் உள்ளேயிருக்கும் ஊசி தோட்டாவைத் தட்டாது. அதனால் வேட்டைக்குக் கிளம்புமுன் எல்லாவற்றையும் துடைத்து உலர்த்திவிடுவோம். என் நண்பன் லோவெலும் துடைத்துத்தான் வைத்திருந்தான். அவன்மேல் பிழையில்லை.

என் மனைவி போன பிறகு என் வாசலை மிதித்த ஒரே ஆள் அவன். சாயங்காலம் ஆனால் வந்துவிடுவான். என் அடுப்பில் விறகைத் தள்ளுவான், என் காப்பியைக் குடித்துவிட்டுக் கழுநீர் என்று திட்டுவான். அந்தத் திட்டைக் கேட்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த வருடம் கனடாவில் காட்டெருமை சுட அவன் பேருக்கு அனுமதி வந்தது.

"இந்த எருமை விழுந்தா போதும்டா ஆர்வில். கறியைக் கட்டிக்கிட்டு நானும் டோரீனும் அரிசோனாவுக்குக் குடி போயிடுவோம். அவ முழங்காலுக்கு வெயில் வேணுமாம்" என்றான். டோரீன் அவன் மனைவி.

எருமை விழாவிட்டால் அடுத்த குளிர்காலம் வரை இருப்பான் அல்லவா? அவ்வளவுதான் நான் நினைத்தது.

கைத்துப்பாக்கியைக் கனடாக்காரர்கள் விடமாட்டார்கள். அதனால் இடுப்பில் எப்போதும் தொங்குவதை அவன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தான். வேட்டைத் துப்பாக்கிகளின் போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துத்தான் எல்லைச் சாவடியைத் தாண்டுவோம். இரண்டு போல்ட்டும் என் பையில் இருந்தன. தாண்டியதும் ஒரு பெட்ரோல் பங்கில், எனக்கும் சேர்த்து ரொட்டி வாங்க அவன் இறங்கினான். அந்த நேரத்தில் அவன் போல்ட்டுக்குள் கிரீஸை அப்பினேன். அவன் வருமுன் கையைத் துடைத்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்ததும் சோதனைக்கு ஒன்று சுட்டான். வண்டிச் சூட்டில் இருந்ததால் வெடித்தது. பிறகு அரை நாள் பனியில் நடந்தோம். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி பனிவண்டியை எடுத்துவரப் பின்னால் போயிருந்தபோது, புதருக்குள் மிக அருகில் எருமை நின்றது. லோவெல் விசையை அழுத்தினான். வெடிக்கவில்லை. மறுபடி ஏற்றினான். அந்தச் சத்தத்துக்கு அது தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஆர்வில், சுடுடா" என்றான்.

ஓநாய்க்கென்று நான் கொண்டுபோன துப்பாக்கி சுத்தமாக இருந்தது. தோளில் வைத்தும்விட்டேன். அப்போதுதான் அரிசோனா ஞாபகம் வந்தது. எருமை விழுந்தால் அவன் போய்விடுவான். அதோடு அது அவன் பேருக்கு வந்த எருமை, ஐயா. அடுத்தவன் அனுமதியில் சுடுவது குற்றம். நான் சட்டத்தை மீறி நடந்தவன் இல்லை.

பனி கரைந்து மண் இளகியதும் எங்கள் ஊரிலேயே அவனைப் புதைத்தோம். டோரீன் மட்டும் அரிசோனாவுக்குப் போனாள். சாயங்காலம் நான் அவன் கல்லறைக்குப் போய் உட்காருகிறேன். திட்டுவதற்கு ஆளில்லாமல் சாப்பாடு இறங்குவதில்லை, அதை மறைக்கவில்லை. ஆனால் இங்கிருந்து போக அவனுக்கும் மனமில்லை, ஐயா. நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியும்.