இருபது கால் பல்லி

அந்த டப்பாவில் இருக்கிற சிப்புகளையெல்லாம் நீங்கள் தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம். பழைய சிப் தேடிச் சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள், வெறுங்கையோடு அனுப்பினால் எனக்குத்தான் அசிங்கம். இந்தச் சிவப்புப் பொட்டு வைத்ததை மட்டும் தர மாட்டேன். ஏன் என்று கேட்டீர்கள் பாருங்கள், இதுவரை யாரும் கேட்டதில்லை. என் தங்கை துர்கா கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

பகலெல்லாம் எனக்குத் தறி. பொழுது சாய்ந்தால் சால்டரிங் அயர்ன். பிள்ளையார்பாளையத்தில் வேலாயுதம் வீடு எது என்று கேட்டால், பட்டு நெய்கிறவரா, காலிங் பெல் ரிப்பேர் பண்ணுகிறவரா என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் நான்தான். இப்போதைய பிள்ளைகள் கம்ப்யூட்டரே உள்ளே இருக்கிற பலகையை வாங்கி, ஒரு பல்பு எரிய வைப்பதற்கு யானையைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு இந்த இருபது கால் சிப் போதும். எந்தக் காலில் கரண்ட் வந்தால் எந்தக் காலில் போக வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்தால், சாகிற வரைக்கும் அதையே செய்யும். கம்பெனிக்காரன் செய்வதை நிறுத்திவிட்டான், நான் காயலான் கடை போர்டுகளிலிருந்து கழற்றிச் சேர்க்கிறேன். எழுதி முடித்துப் பூட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் படிக்க முடியாது, அழிக்கத்தான் முடியும். அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோர்வை போட்டு நெய்ய ஒரு ஆள் போதாது. நான் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வேன். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் துர்கா ஓட்டுவாள். பாவாடை கட்டின நாளிலிருந்து அவள்தான். என் கை நிற்கிற இடத்தில் அவள் கை தொடங்கும், பார்க்கக்கூட வேண்டாம். அப்படி ஒரு ஜோடி அமைவது கொடுப்பினை. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் அம்மா அம்சவேணிக்குப் பஞ்சாங்கம்தான் சுப்ரீம் கோர்ட். எந்தக் கிழமையில் எந்தத் திசையிலிருந்து பல்லி கத்தினால் என்ன பலன் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். லாபம், கலகம், மரணம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிழமை உள்ளே போகிறது, திசை வெளியே வருகிறது. நம்ம சிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது, சொல்லுங்கள்.

சத்தம் வருவதற்கு, கைக்கடிகார அலாரத்தில் இருக்குமே, அந்த மாதிரி மெல்லிய தகடு நான்கு. கூடத்துச் சுவரில் நான்கு பக்கமும் சாமி படம் உண்டு, பின்னால் ஒட்டிவிட்டேன். தெற்குச் சுவரில் மாலை போட்ட அப்பா படம். உள்ளதைச் சொன்னால் அப்பாவுக்குப் பின்னால்தான் சத்தம் நன்றாக வந்தது. சுவிட்சைத் தறிக்குழிக்குள், கால் மிதிக்கு அடியில் வைத்தேன். குழிக்குள் நம் கால் என்ன செய்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள். காலையில் கிழமையை மட்டும் வைத்துவிட்டால், அன்றைக்குக் கெட்ட திசை எது என்பதைச் சிப்பே பார்த்துக்கொள்ளும். சத்தம்தான் படாத பாடு படுத்தியது. பல்லி ஒரே சீராகக் கத்தாது, கடைசியில் கொஞ்சம் இழுக்கும். அந்த இழுப்பு வந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, நீங்களும் இதே லைன், உங்களுக்குப் புரியும்.

சால்டரிங் முழுக்கத் துர்கா. அவள் கை நடுங்காது. கோயில் திருவிழா சீரியல் லைட்டுக்கு என்று சொல்லியிருந்தேன். முடித்துவிட்டு, "சுத்தமா இருக்குதாண்ணா?" என்று கேட்டாள். இருந்தது.

முதலில் தாமலிலிருந்து ஒரு வரன் வந்தது. பெரியவர்கள் தலையாட்டி, தட்டு மாற்ற நாள் பார்க்கலாம் என்று சொல்லி வாய் மூடவில்லை, வந்தவர்களுக்கு நெய்து காட்டிக்கொண்டிருந்த நான் மிதித்தேன். அம்மா தரையைத் தட்டிக்கொண்டு பஞ்சாங்கத்தை எடுக்க ஓடினார். வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அடுத்தது மாகறல் வரன். அதுவும் அப்படியே. நாங்கள் சிவனைக் கும்பிடுகிறவர்கள், ஆனாலும் பல்லி தோஷம் என்றால் வரதர் கோயில் தங்கப் பல்லிதான். அம்மா துர்காவை அழைத்துப்போய்த் தொட வைத்தார். துணைக்கு நானும் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் தொட்டுக்கொண்டேன்.

"தங்கச்சிக்கு முடியாம எனக்கு வேணாம்" என்று நான் என் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டதில், தெருவில் எனக்கு நல்ல பேர். அம்மா இந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். டாக்டர் சர்க்கரை என்று சொன்னார். நான் டாக்டர் பக்கம்.

அம்மா இருக்கும்போதே வந்தவன்தான் வசந்த். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. பல்லி கத்தியது. அம்மா பதறினார். அவன் அசையவே இல்லை. "பல்லின்னா கத்தத்தான் செய்யும்மா. கொசு மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம்" என்றான். உள்ளே அடுக்களையில் துர்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

அவன் வீட்டில் சரி என்றார்கள். அம்மாவும் அரை மனதாக ஒத்துக்கொண்டார். வசந்த் தினமும் போன் பண்ணுவான், அவள் தறியோரம் உட்கார்ந்தே பேசுவாள். நான் பாட்டுக்கு நெய்துகொண்டிருப்பேன். 'கல்யாணத்துக்கு அப்புறம்' என்று அவள் ஆரம்பித்தால் மட்டும் கால் கொஞ்சம் அழுத்தும், அவ்வளவுதான். அவனைப் பற்றி வேறு பேச்சு என்றால் பல்லி பேசாது. நான் அளவோடுதான் வைத்துக்கொண்டேன். பஞ்சாங்கக் கட்டம் அவளுக்கு மனப்பாடம். சில நாளில் முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தாள்.

"எனக்கு எதாச்சும் ஆனா பரவால்லண்ணா. அவருக்கு ஆயிடும்னு பயமா இருக்குது."

"அப்படில்லாம் நெனைக்காதம்மா. உன் இஷ்டம் எதுவோ அதச் செய்" என்றேன். நான் ஒருபோதும் அவளைக் கட்டாயப்படுத்தியதில்லை.

வேண்டாம் என்று அவளே அவனிடம் சொன்னாள். அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று சொன்னாள். அன்று மத்தியானமும் தறிக்கு வந்து உட்கார்ந்தாள், ஒரு இழை பிசகவில்லை. வசந்துக்கு இப்போது பெண் குழந்தை. நல்ல பையன்.

ஆக, கேட்டீர்களே, இதுதான் அது. என் தங்கை கல்யாணத்தை நிறுத்தியது பல்லியும் இல்லை, தோஷமும் இல்லை, நான்தான். வேலை முடிந்ததும் இந்தச் சிப்பையும் சுவிட்சையும் கழற்றி, பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன், இன்றைக்கு உங்களுக்காகத் திறந்தபோதுதான் சிப் வெளியே வந்தது. சாவி என் அரைஞாணில் இருக்கிறது. தகடுகளையும் கம்பியையும் மட்டும் எடுக்கவில்லை, சுவரில் சுண்ணாம்பு பெயரும்.

போன பொங்கலுக்கு முன்னால் நான் ஜரிகை வாங்க வெளியே போயிருந்தபோது, துர்கா படங்களையெல்லாம் இறக்கித் துடைத்திருக்கிறாள். வந்து பார்க்கிறேன், எல்லாம் இருந்த இடத்தில் நேராக மாட்டியிருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. அவள் எதுவுமே கேட்கவில்லை, கவனித்திருக்க மாட்டாள். அன்று சாயங்காலம், "அண்ணா, சிப்புல எழுதறது எப்படின்னு எனக்கும் சொல்லிக் குடு" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷம் நான் ஒண்டியாக மாரடித்தேன், இப்போது பேச்சுத் துணைக்கு ஒரு ஆள். கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். பூட்டுவது எப்படி என்பதைத்தான் முதலில் கேட்டாள்.

பிறகு அவளே, "நீயாவது கட்டிக்கோண்ணா, எனக்காக எத்தினி நாளு உக்காந்துக்கினு இருப்ப" என்று ஆரம்பித்தாள். கலைவாணி என்று ஒரு பெண், வாலாஜாபாத்தில் டீச்சர். அவளோடு நான்கு வார்த்தை பேசினதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த வயதில் சட்டைக்குத் தனியாக இஸ்திரி போட ஆரம்பித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க அவர்கள் வந்து உட்கார்ந்து, நாள் குறிக்கலாம் என்றார்கள். அப்பா படத்துப் பக்கமிருந்து பல்லி கத்தியது. பெண்ணின் பாட்டி எழுந்துவிட்டார். அதற்கு அடுத்த வரனுக்கும் அதே கதி. பெட்டி அலமாரியில், சாவி என் இடுப்பில். ஆக, அது நிஜப் பல்லிதான். சயன்ஸ் சயன்ஸ் என்று பேசுகிறவன் நான். ஆனாலும் உங்களிடம் சொல்கிறேன், கட்டத்தில் ஏதோ இருக்கிறது. கடைசியில் அந்த இழுப்பு கூட அச்சு அசலாக இருந்தது.

அதோ, கேட் சத்தம், துர்கா வந்துவிட்டாள். நாம் பேசினது நம்மோடு.

வருகிற வெள்ளிக்கிழமை அபிநயா என்று ஒரு பெண்ணின் வீட்டார் வருகிறார்கள். இதுவாவது அமைய வேண்டும் என்று தினம் வேண்டிக்கொள்கிறேன். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை குழிக்குள் உட்கார்ந்தால் நன்றாக இருக்காதாம். போன இரண்டு தடவை மாதிரியே, வந்தவர்களுக்கு நெய்து காட்டத் தானே தறியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறாள் துர்கா. என் மேல் அவளுக்கு அவ்வளவு பாசம்.