ஓட்டைக் காசுக்கு ஓர் இடம்

நாணயக் கண்காட்சித் தலைவர் அவர்களே! அரைக்காசு கிடைத்தாலும் ஆயிரம் கதை தேடும் சேகரிப்பாளர் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஆவலோடு வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் கொறித்துக்கொண்டிருக்கும் என் வகுப்புத் தோழிகளே! வணக்கம்.

என் கையில் இருப்பது அரசன் அடித்த காசு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு துரை தம் காபித் தோட்டத்துக்கென்று தாமே அடித்துக்கொண்ட செப்பு வில்லை. கூடை நிறையப் பழம் பறித்தால் ஒரு வில்லை கூலி. அது சந்தையில் செல்லுமா? செல்லாது! சத்திரத்தில் செல்லுமா? செல்லாது! துரையின் கடையில் மட்டுமே செல்லும்!

இன்று காலை இதை மாணவர் மேசையில் வைத்தேன். "ஓட்டைக் காசும்மா. இங்க வைக்கிறதில்ல, எடுத்துடு" என்றீர்கள், தலைவர் ஐயா. இது மேசை ஏறுமா, என் பைக்குள் திரும்புமா? அதுவே என் வழக்கு.

எங்கே கிடைத்தது தெரியுமா? அப்பாவைக் கூப்பிடப் போன சலூனில், குழாய்க் கைப்பிடித் திருகுக்கு அடியில், வாஷராக!

"மாமா, அது வாஷர் இல்ல, வரலாறு!"

"எதுவா இருந்தா என்ன பாப்பா, எடுத்துக்க" என்று சலூன்காரர் திருகைக் கழற்றினார். ஓடிய குழாயை மூட மறந்தார். கைப்பிடி அவர் கையோடு வந்தது. தண்ணீர் தன் போக்கில் தரையெங்கும் வந்தது! ஒரு கன்னத்தில் நுரையோடு என் அப்பா நாற்காலி மேல் ஏறி, "யோவ், இது சலூனா, நீச்சல் குளமா?" என்று அலறினார். குழாய் வேலை பார்க்கும் என் அம்மா ஓடிவந்து வால்வை அடைத்தார். "பொண்ணு காசு தேடுது, அப்பன் கரை தேடுறாரு!" என்றார்.

சிரியுங்கள், சிரியுங்கள்! அப்பாவும் சிரிக்கிறார்.

ஆனால் இந்தத் துளையைப் பாருங்கள். சலூன்காரர் போட்டதன்று, ஆணியால் அடித்த பழைய கோணல் துளை. விளிம்பில் கயிறு உரசிய பள்ளம். துளைத்தால் துரையின் கடையில் செல்லாது என்று தெரிந்தும் யாரோ துளைத்தார்! அரிசி வாங்காமல் அணிந்துகொண்டார்! "என் உழைப்பு உன் கடைக்கு மட்டுமா?" என்று கேட்டாரோ? குழந்தையின் கழுத்தில் கட்டி அழகு பார்த்தாரோ? அறியேன். மேசையில் ஏற்கெனவே உள்ள துளையில்லாத வில்லைகள் எல்லாம் துரையின் பெயரைச் சொல்கின்றன. பழம் பறித்த கையைச் சொல்வது எது? இந்த ஓட்டை! அச்சு துரையுடையது, துளை தொழிலாளியுடையது!

என்ன தலைவர் ஐயா, எழுந்து வருகிறீர்கள்?

"கொண்டாம்மா. ஓரத்துல வேணாம், நடுவுல வை."

கேட்டீர்களா சபையோரே! இந்தக் கைதட்டல் எனக்கன்று, பெயர் தெரியாத அந்தக் கைக்கு! செவி தந்தவர்களுக்கெல்லாம் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம் சொல்லிவிட்டு மேசைக்கு ஓடுகிறேன்!