நாளைக்கு ஒரு மாத்திரை

2009 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, திருவனந்தபுரத்துக் காசநோய் ஆஸ்பத்திரி வரிசை. எனக்கு முன்னால் சாலைக் கடைவீதி அரிசி வியாபாரியும் மனைவியும்.

“முதல்ல தந்த நாலு மாத்திரையையும் ஒண்ணாத் தின்னா வயித்துக்கு ஆகாதுன்னு நாளைக்கு ஒரு மாத்திரையாத் தின்னேன். அதுல என்ன தப்பு?” என்றார் அவர்.

“கிருமி எல்லாத்துக்கும் பழகிப்போச்சே! இந்தப் புது மருந்தும் கேக்கலைன்னா வேற வழியில்லைன்னு டாக்டர் சொன்னாருல்லா?” என்றாள் மனைவி.

“இப்ப மாத்திரை அதைவிடக் கூடுதலாக்கும். குமட்டுதுட்டி.”

“கடைக்கு மூட்டை தூக்குற சுமட்டுக்காரன் ஒருத்தன் வந்து கூலி கூட்டிக் கேட்டா என்ன செய்வீங்க?”

“பேசி அனுப்பிருவேன்.”

“யூனியனே திரண்டு வந்தா?”

“ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.”

நர்ஸ் அவர் உள்ளங்கையில் கொட்டிய மாத்திரைகளை, அவள் கண்முன்னே, ஒன்று மிச்சமில்லாமல் விழுங்கினார். பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்:

“உள்ளே கிருமி ஷட்டரை இறக்குது, கேட்டோ.”